பாட்டு எல்லாம் இருக்கிறது. அண்ணன் போட்ட வரிசையைத்தான் காணோம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளுங்கள். படிக்காமலேயே கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு மட்டும் போய்விடாதீர்கள். யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்பது 34 வருடம் விடைத்தாள் திருத்தியவனுக்குத் தெரியும்.

பத்து நாளுக்கு முன்னால் இங்கே நாலு வரி எழுதியிருந்தேன். புதுக் கம்ப்யூட்டருக்கு மாறியதில் என் அண்ணன் சேர்த்து வைத்திருந்த பாட்டுப் பட்டியல்கள் போய்விட்டன என்று. ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆனால் 1998 பேட்ச் மாணவர் ஒருவர் (பெயர் வேண்டாம், தங்கமான பையன், இன்று பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறார்) இப்படி எழுதினார்: "சார், இதுக்குப் போய் வருத்தப்படலாமா? எல்லாப் பாட்டும் ஆன்லைன்ல இருக்கு. ஒரு ஆப் போட்டுக்குங்க. மாசம் நூறு, நூத்தம்பது ரூபாதான்." அதற்கு 43 பேர் லைக் போட்டிருந்தார்கள். அந்த 43 பேரில் என் மகனும் ஒருவன்.

தம்பி, உன் விடை சரி. ஆனால் கேள்வி அது இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் விஷயத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் 1974இலிருந்து ரேடியோ செட் வைத்திருந்தார். மற்ற மாவட்டத்துக்காரர்கள் மைக் செட் என்பீர்கள். கல்யாணம், சடங்கு, காது குத்து, வீடு பால்காய்ச்சுதல், அம்மன் கோயில் கொடை, எல்லாவற்றுக்கும் அவர் குழாய்தான் கட்டுவார்கள். இசைத்தட்டில் ஆரம்பித்தார். ஒரு பக்கம் மூணு நிமிஷம் ஓடும் 78 தட்டு, அப்புறம் எல்பி, அப்புறம் கேசட், 2003 வாக்கில் சிடி. 2008இல் நான்தான் என் பழைய கம்ப்யூட்டரில் பாட்டுகளை ஏற்றி, பட்டியல் போடச் சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. அதனால் எல்லாப் பாட்டுக்கும் தமிழிலேயே பெயர் அடித்துக் கொடுத்தேன்.

மொத்தம் 3,140 பாட்டு, ஏறக்குறைய 13 ஜிபி. அதிலிருந்து 14 பட்டியல். "கல்யாணம் காலை", "தாலி கட்டு முடிந்து", "பந்தி", "பெண் அனுப்புதல்", "தாய்மாமன் சீர்", "கொடை முதல் நாள்", "கொடை மூன்றாம் நாள்" என்று ஒவ்வொன்றுக்கும் அவரே பெயர் வைத்தார். பதினாலு வருடம் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்தால் மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "அந்த ஏழாவது பாட்டு பந்தி நேரத்துல எடுபடல, அதைத் தூக்கி மேல போடு" என்பார். 2022இல் காலமானார்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிகிறது என்றார்கள். என் கம்ப்யூட்டரில் 11 ஏறாது. சரி, புதுசு வாங்கிவிடலாம் என்று மகன் பணம் அனுப்பினான். டவுனில் ஒரு கடையில் வாங்கினேன். பழையதை அவர்களே எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொண்டார்கள். கடைப் பையன் நல்ல மரியாதையானவன். "சார், உங்க டேட்டா மொத்தமும் புதுசுல ஏத்தியாச்சு. பழசை அழிச்சிடலாமா?" என்று கேட்டான். திறந்து காட்டினான். பாட்டு ஃபோல்டர் இருந்தது. இரண்டு பாட்டைத் தட்டினான், பாடியது. நான் சரி என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து பாட்டு மென்பொருளைத் திறந்தால் பட்டியல் என்று ஒன்றுமே இல்லை. 3,140 பாட்டும் அகர வரிசையில் நிற்கிறது. அம்மன் தாலாட்டுக்குப் பக்கத்தில் அடிதடிப் பாட்டு. காலாண்டுப் பரீட்சை எழுதிய பிள்ளைகளை எல்லா வகுப்பிலிருந்தும் கூட்டிவந்து கலந்து உட்காரவைத்த மாதிரி.

என்ன நடந்தது என்று எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. உங்களுக்கு இரண்டு நிமிஷத்தில் சொல்கிறேன். பட்டியலுக்குள் பாட்டு இருக்காது. அதில் இருப்பது பாட்டின் விலாசம் மட்டும்தான். டி டிரைவ், பாட்டு என்ற ஃபோல்டர், அதற்குள் கல்யாணம், அதற்குள் இந்தப் பெயர். இப்படி வரிசையாக விலாசங்கள். அந்தப் பட்டியல்களையும் பாட்டு ஃபோல்டரில் வைக்க மாட்டார்கள். மென்பொருள் தனக்கென்று ஒரு மறைவான இடத்தில், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டரில், வைத்துக்கொள்ளும். கடைப் பையன் கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் நேர்மையாக எடுத்து வைத்தான். தெரியாதது பழைய வட்டோடு அழிந்தது. இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் பட்டியலை அவன் எடுத்து வைத்திருந்தாலும் அது வேலை செய்திருக்காது. பாட்டுகளைப் புது மெஷினில் சி டிரைவில் வேறு ஃபோல்டரில் போட்டுவிட்டான். வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போட்டால் என்ன ஆகும்? அதேதான். ஆனால் கடிதம் கையில் இருந்திருந்தால் விலாசத்தைத் திருத்தியிருக்கலாம். இங்கே கடிதமே இல்லை.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். "எல்லாப் பாட்டும் ஆன்லைன்ல இருக்கு."

ஒன்பதாம் வகுப்பில் கணங்கள் நடத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு கணத்தில் உறுப்புகளை எந்த வரிசையில் எழுதினாலும் அது அதே கணம். பத்தாம் வகுப்பில் தொடர்வரிசை நடத்தினேன். அங்கே இரண்டு உறுப்பு இடம் மாறினால் அது வேறு தொடர்வரிசை. பாட்டு ஃபோல்டர் என்பது கணம். பட்டியல் என்பது தொடர்வரிசை. கடைக்காரன் எனக்குக் கணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "எல்லாம் இருக்கு சார்" என்றான். தம்பி, நீயும் அதையேதான் சொல்கிறாய்.

பத்துப் பாட்டை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? பிளஸ் ஒன்னில் போட்ட கணக்குதான். 36,28,800 விதம். 25 பாட்டு என்றால் விடை 26 இலக்க எண். அத்தனையில் ஒன்றை என் அண்ணன் தேர்ந்தெடுத்து, ஆயிரம் விசேஷத்தில் ஓட்டிப் பார்த்து, திருத்தி வைத்திருந்தார். அந்த ஒன்று எந்த ஆப்பில் கிடைக்கும்? மாதம் நூற்றைம்பது இல்லை, ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தாலும் கிடைக்குமா?

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். அந்த 14 பட்டியலும் சேர்ந்து வெறும் எழுத்துதான், 40 கேபி கூட வராது. ஒரு பாட்டு சராசரியாக 4 எம்பி. அதாவது அண்ணனின் உழைப்பு மொத்தமும் ஒரே ஒரு பாட்டின் அளவில் நூறில் ஒரு பங்கு. 13 ஜிபியைப் பத்திரமாகத் தூக்கிவந்த இடத்தில் 40 கேபி தவறிப்போயிற்று. பெரியதாக இருந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள்.

"சரி சார், பட்டியலையும் ஆப்பே போட்டுக் கொடுக்கும், கல்யாணப் பாட்டு என்று தட்டினால் வரிசையாக வரும்" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். தட்டிப் பார்த்தேன். வந்தது. நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். அவள் அப்பா முந்தின வருடம்தான் தவறியிருந்தார். அண்ணன் முதல் நாள் ராத்திரி என் வீட்டுக்கு வந்து, "பெண் அனுப்புதல்" பட்டியலில் அப்பா என்று வருகிற பாட்டை எல்லாம் எடுக்கச் சொன்னார். மூன்று பாட்டு எடுத்தோம். அந்த இடத்தில் தாய்மாமனைப் பற்றிய பாட்டைப் போட்டார், ஏனென்றால் அவளைத் தாரை வார்த்துக் கொடுக்கப்போவது மாமன். யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. ஊரில் யாருக்கும் இது தெரியவும் தெரியாது. ஒரு பாட்டைப் போடாமல் விட்டால் அதை யார் கவனிப்பார்கள்?

எந்த விசேஷமானாலும் முதல் மூன்று பாட்டு அவருக்கு மாறாது. சீர்காழி கோவிந்தராஜன் குரலில் ஒரு பிள்ளையார் பாட்டு, அடுத்தது நாகூர் ஹனிபா, அடுத்தது ஒரு மாதா பாட்டு. "குழாய் மூணு தெருவுக்கும் கேக்குதுல்ல? சத்தம் எல்லாருக்கும், பாட்டு ஒருத்தருக்கு மட்டும்னா எப்படி?" என்பார். விடிகாலைக்குக் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். கொடைக்கு எல்.ஆர். ஈஸ்வரி. இதெல்லாம் பாட்டு ரசனை மட்டும் இல்லை. ஊரோடு எப்படி இருப்பது என்பதை அவர் இப்படி வரிசைப்படுத்தி வைத்திருந்தார். ஆப்புக்கு நான் எந்தப் பாட்டைக் கேட்டேன் என்று தெரியும். அடுத்த தெருவில் யார் வீட்டில் துக்கம் என்று தெரியுமா?

உடனே என்னைப் பழமைவாதி என்று முடிவு கட்ட வேண்டாம். ரேடியோ செட்டுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. மார்ச் மாதம் பொதுத்தேர்வு நேரத்தில் கொடை வந்தால் அண்ணனோடு முகத்துக்கு நேராகச் சண்டை போட்டவன் நான். பிள்ளைகள் படிக்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை. 2000இல் ஒலி மாசு விதிகள் வந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்றானபோது ஊரில் முதலில் சந்தோஷப்பட்டவனும் நான்தான். அண்ணன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சத்தம் வேறு, வரிசை வேறு. சத்தம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆன்லைனும் எனக்கு எதிரி இல்லை. என் பேத்தி, "தாத்தா, இதைக் கேளுங்க" என்று ஒரு பாட்டை அதில்தான் கேட்க வைத்தாள். நான் கேள்விப்பட்டே இராத பழைய பாட்டு. தேடுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் தேடுகிற இடம் வேறு, வைத்துக்கொள்கிற இடம் வேறு. நூலகத்தில் புத்தகம் இருக்கிறது என்பதற்காக, ஓரத்தில் நாம் குறிப்பு எழுதிய சொந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடுவோமா?

ஆன்லைனில் இருப்பது நிரந்தரம் என்று யார் சொன்னது? மைஸ்பேஸ் என்று ஒன்று இருந்தது. உங்களில் சிலர் கல்லூரிக் காலத்தில் பார்த்திருப்பீர்கள். உலகம் முழுக்க இளம் பாடகர்கள் தங்கள் பாட்டுகளை அதில்தான் ஏற்றினார்கள். சர்வரை மாற்றும்போது, முதல் 12 வருடத்தில் ஏற்றிய பாட்டுகள் எல்லாம் போய்விட்டன என்பது 2019இல் வெளியே தெரிந்தது. அவ்வளவு பெரிய நிறுவனம், அத்தனை இன்ஜினியர்கள். அவர்களுக்கும் நடந்தது இதேதான்: இடம் மாற்றும்போது தொலைத்தது. கூகுள் பிளே மியூசிக் 2020 டிசம்பரோடு மூடப்பட்டது. அவர்களாவது பட்டியலை யூடியூப் மியூசிக்குக் கொண்டுபோக வழி கொடுத்தார்கள். கொடுத்தது நல்லது. கொடுக்காமல் இருந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? வாடகை வீட்டில் ஆணி அடிப்பதற்குக்கூட நாம் யோசிப்போம். இருபது வருடச் சேமிப்பை மட்டும் யோசிக்காமல் வைத்துவிடுகிறோம்.

இப்போது குற்றம் யார் மேல் என்று பார்ப்போம்.

கடைப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் "மொத்தமும் ஏத்தியாச்சு" என்ற வார்த்தை மேல் கோபம் இருக்கிறது. மொத்தம் என்றால் என்ன என்று உடையவனைத்தான் கேட்க வேண்டும். வீடு காலி செய்ய வருகிற வண்டிக்காரர்கூட, "அம்மா, பரண்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார்.

மென்பொருள் செய்கிறவர்கள் மேல் கோபம் இருக்கிறது. அது உங்களில் பலர் செய்கிற தொழில், அதனால் உரிமையோடு சொல்கிறேன். மனிதன் உட்கார்ந்து உருவாக்கியதை ஏன் அவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைக்கிறீர்கள்? காசு கொடுத்தால் திரும்பக் கிடைக்கிற பாட்டு நடு வீட்டில் இருக்கிறது. எத்தனை காசு கொடுத்தாலும் கிடைக்காத பட்டியல் பரணில் இருக்கிறது. இது தலைகீழ் இல்லையா?

கடைசியாக, எல்லோரையும்விட என் மேல் கோபம். கணக்கைப் போட்டு முடித்ததும் "சரிபார்த்தல்" என்று தலைப்புப் போட்டு, விடையைத் திரும்பக் கணக்கில் வைத்துப் பார்க்காதவர்களுக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அழுதவர்கள் இருக்கிறீர்கள். அந்த நான், இரண்டு பாட்டு பாடியதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினேன். பழையதை ஒரு மாதம் வீட்டில் வைத்திருந்தால் போதும். கழித்துக்கொடுத்த இரண்டாயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டேன்.

ஆகவே உங்களுக்கு வீட்டுப்பாடம். கம்ப்யூட்டர் மாற்றப்போகிறவர்கள் கட்டாயம் செய்யுங்கள்.

ஒன்று. பாட்டு மென்பொருளில் ஒவ்வொரு பட்டியலையும் தனிக் கோப்பாக வெளியே எடுக்க வழி இருக்கும். எம்3யு என்ற வகையில் எடுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து படிக்கலாம். பாட்டுப் பெயர் தமிழில் இருந்தால் எம்3யு8 வகைதான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடலாம். எனக்கு ஆகியிருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இரண்டு. புது மெஷினிலும் பாட்டு ஃபோல்டரை அதே டிரைவ், அதே பெயரில் வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் பட்டியலை நோட்பேடில் திறந்து, பழைய விலாசத்தைப் புது விலாசமாக "ரீப்ளேஸ்" கொடுத்து ஒரே தட்டில் மாற்றுங்கள்.

மூன்று. மூன்று பிரதி வேண்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று. மகள் வீடோ தம்பி வீடோ, எங்கேயாவது.

நான்கு. எல்லாப் பட்டியலையும் திறந்து, முதல் பாட்டு, நடுப் பாட்டு, கடைசிப் பாட்டு மூன்றையும் ஓட்டிப் பார்க்கும்வரை பழையதை அழிக்கவோ கொடுக்கவோ கூடாது. சரிபார்த்தல் இல்லாத விடைக்கு மதிப்பெண் இல்லை.

ஐந்து. பட்டியலைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து வையுங்கள். சிரிக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பட்டியல் போனது தெரிந்ததும் அண்ணன் மகளுக்குப் போன் பண்ணினேன். "சித்தப்பா, அப்பா வேன்ல போட்டுக் கேட்ட பென் டிரைவ் ஒண்ணு பீரோவுல கிடக்கு" என்றாள். அதில் ஒன்பது பட்டியல் எம்3யுவாக இருந்தது. இரண்டு முழுக்கக் கேள்விக்குறி. மீதி ஏழும் உயிரோடு இருந்தது. விலாசத்தைத் திருத்தினேன், பாடியது. பிறகு அவளே பரணிலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்துவந்தாள். கேசட் காலத்தில் அண்ணன் பென்சிலில் எழுதி, அடித்து, மறுபடி எழுதியது. ஓரம் கரையான் அரித்திருந்தது. அதிலிருந்து இன்னும் நான்கு பட்டியல் எடுத்தேன். கேள்விக்குறியாகிப்போன இரண்டும் அந்த நான்கில் அடங்கும். ஆக 14இல் 11 வந்துவிட்டது. கம்ப்யூட்டர் தொலைத்ததை நோட்டு வைத்திருந்தது, கரையான் அரித்தும்கூட.

இன்னும் மூன்று வரவில்லை. "தாய்மாமன் சீர்", "பெண் அனுப்புதல்", "கொடை மூன்றாம் நாள்".

இதற்குத்தான் உங்களிடம் வருகிறேன். எங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டியிலும் கல்யாணம், சடங்கு நடந்த வீட்டுக்காரர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த விசேஷத்து வீடியோ கேசட்டோ சிடியோ உங்கள் வீட்டில் இருக்கும். வீடியோக்காரர் மேலே வேறு பாட்டைப் போட்டு ஒட்டியிருந்தாலும், வெட்டாமல் விட்ட இடங்களில் பின்னால் குழாய்ப் பாட்டு கேட்கும். பெண்ணைக் காரில் ஏற்றுகிற இடத்தையும், மாமன் சீர்த்தட்டு தெருவில் வருகிற இடத்தையும் மட்டும் போட்டுப் பாருங்கள். என்ன பாட்டு, அதற்கு அடுத்தது என்ன என்று இரண்டே வரி எழுதி அனுப்புங்கள். தெரியாவிட்டால் அந்த இடத்தைப் போனில் பதிந்து அனுப்புங்கள், நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன். 2008க்குப் பிந்தையது என்றால் ரொம்ப நல்லது.

தம்பி, பெங்களூர்க்காரா, உன் அக்கா கல்யாணத்துக்கும் அண்ணன்தான் குழாய் கட்டினார். நீ மண்டப வாசலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேசட் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது. முதலில் நீ யோசித்துப் பார்த்துச் சொல். அக்காவைக் காரில் ஏற்றும்போது என்ன பாட்டு ஓடியது? அதையும் ஆன்லைனில் தேடிப் பார், கிடைத்தால் நான் இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்